கிராம சபையில் சுகாதாரத் தீர்மானம்: புகை மருந்தைத் தாண்டி எதைக் கேட்பது?

கண்மாய்க்கரை (செல்லம்பட்டி ஒன்றியம்):

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் 2 கிராம சபையில் சுகாதாரம் பற்றி உருப்படியாக ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று நாங்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். ஊரில் 620 வீடு, ஏறத்தாழ 2,400 பேர். 60,000, 30,000, 10,000 லிட்டரில் மூன்று மேல்நிலைத் தொட்டிகள். ஒருநாள் விட்டு ஒருநாள் தொட்டி நிரம்பும். முறை வைத்து விடுவதால் ஒரு தெருவுக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். துணை சுகாதார நிலையம் உள்ளூரிலேயே உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் 6 கி.மீ.

சுகாதாரம் என்று பேச்செடுத்தாலே சபையில் எழும் ஒரே கோரிக்கை "கொசுவுக்குப் புகை அடிங்க" என்பதுதான். ஆனால் அரசு சொல்லும் முன்னுரிமைகள் நிறைய: காசநோய் இல்லா ஊராட்சி, ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், டெங்கு, குடிநீர். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் எதுவும் நடக்காது. எதை முதலில் வைப்பது? ஊர் மட்டத்தில் எதைக் கேட்டால் வேலை நடக்கும், நடந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது? கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு வரும் 10,000 ரூபாயை எதற்குச் செலவு செய்வது நல்லது? துறை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

குளோரின்மஞ்சள்:

தம்பி, தண்ணீரில் தொடங்குங்கள். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு மூன்றும் அதில் அடங்கும். உங்கள் ஊரில் டெங்குவும் அதில்தான் அடங்குகிறது. ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் வீட்டுக்கு வீடு டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் நிரம்பித்தான் இருக்கும். அதில் முட்டையிடும் ஏடிஸ் (டெங்குவைப் பரப்பும் கொசு) முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் போதும்.

முதலில் குளோரின். 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 4 கிராம். உங்கள் தொட்டிகளுக்கு 240, 120, 40 கிராம், ஆக மொத்தம் ஒரு நிரப்புக்கு 400 கிராம். மாதம் 15 நிரப்பு என்றால் 6 கிலோ. 25 கிலோ மூட்டை நான்கு மாதத்தில் தீர வேண்டும். அதே மூட்டை ஒரு வருஷம் கிடக்கிறது என்றால் பவுடர் ஒழுங்காகப் போடவில்லை என்று அர்த்தம். வேறு சாட்சி தேவையில்லை. இருப்புப் பதிவேட்டை சபையில் வைக்கச் சொல்லுங்கள்.

போடும் முறையிலும் தவறு நடக்கிறது. பவுடரை அப்படியே தொட்டிக்குள் தூவினால் பாதி கட்டியாக அடியில் போய்விடும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் சேர்த்துக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விட வேண்டும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றவும். அடியில் தங்குவது வெறும் சுண்ணாம்பு, அது வேண்டாம். ஊற்றிய பிறகு குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கேட் வால்வைத் திறக்க வேண்டும். கிருமி சாக அந்த நேரம் தேவை. காலையில் கூட்டம் நிற்கிறதே என்று ஊற்றிய கையோடு திறந்து விடுவதுதான் பல ஊரில் நடப்பது.

சோதிப்பது கடைசித் தெருக் குழாயில். தொட்டிக்கு அடியிலுள்ள குழாயில் பார்த்தால் எப்போதும் சரியாகத்தான் காட்டும். கடைக்கோடி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின் (கிருமியைக் கொன்றது போக மிஞ்சுவது) இருக்க வேண்டும். குளோரின் பார்க்கும் கருவியான குளோரோஸ்கோப்பில் ஆர்த்தோடொலிடின் மருந்துச் சொட்டு விட்டதும் வரும் மஞ்சளை உடனே, பத்து விநாடிக்குள் பார்த்துவிட வேண்டும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கூட்டுக் குளோரினும் (அழுக்கோடு சேர்ந்து வீரியம் குறைந்தது) சேர்ந்து நிறம் ஏறி, நல்ல தண்ணீர் போலக் காட்டும்.

தொட்டியில் குளோரின் சரி, கடைசிக் குழாயில் மட்டும் பூஜ்யம் என்றால் இடையில் குழாய் உடைப்பு என்று பிடிக்கலாம். நம் பக்கம் இரண்டு வழக்கம் இதைக் கெடுக்கிறது. ஒன்று, தண்ணீர் ஏறவில்லை என்று வாசலில் பள்ளம் தோண்டி குழிக்குழாய் வைப்பது. தண்ணீர் நின்றதும் குழியில் தேங்கிய அழுக்கு குழாய்க்குள்ளேயே திரும்பப் போகும். இரண்டு, நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. அந்த இழுப்பில் சாக்கடைப் பக்கத்து ஓட்டை வழியாகக் கழிவு உள்ளே வந்து அடுத்த வீட்டுக் குடத்தில் விழும். மோட்டார் பறிமுதல் செய்வதில் மனவருத்தம் வரும், தெரியும். ஆனால் இதைத் தொடாமல் மற்றதைச் செய்து பயனில்லை.

10,000 ரூபாயில் முதல் செலவு: குளோரோஸ்கோப்புக்கு மறு நிரப்பு சொட்டு மருந்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாக்கள், பாக்டீரியா பார்க்கும் ஹெச்2எஸ் குப்பிகள். குப்பியில் பிடித்த தண்ணீர் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் மலக் கலப்புக்கு வாய்ப்பு உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பயிற்சி என்று ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று கேட்டுப் பிடியுங்கள்.

---

தெற்குவாசல்:

அண்ணே, சொல்வதெல்லாம் சரி. ஆனால் காய்ச்சல் வந்த தெருவில் புகை அடிக்காமல் இருந்தால் சனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புகையே வேண்டாம் என்கிறீர்களா?

---

குளோரின்மஞ்சள்:

வேண்டாம் என்று சொல்லவில்லை, அது எதைக் கொல்லும் என்று தெரிந்து கேளுங்கள் என்கிறேன். அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசு மேல் பட்டால் மட்டும்தான் சாகும். ஏடிஸ் தங்குவது வீட்டுக்குள்: கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால். தெருவில் வண்டி வரும்போது கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. தொட்டியில் இருக்கும் கூட்டுப்புழு மறுநாள் கொசுவாகிப் பறக்கும். நோயாளி வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும், உள்ளே, கதவைத் திறந்து வைத்து அடித்தால் புகைக்குப் பலன் உண்டு. ஊர் முழுக்க மாதம் ஒருமுறை அடிப்பது டீசல் செலவுதான்.

புழு ஒழிப்பில் கவனிக்க வேண்டியது முட்டை. அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். அதனால் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரை நாரோ பிரஷோ போட்டுத் தேய்க்க வேண்டும். "கொட்டுனா தண்ணிக்கு எங்க போறது" என்று கேட்பார்கள், நியாயம்தான். தண்ணீரைத் துணியில் வடிகட்டி வேறு குடத்தில் எடுத்து, டிரம்மைத் தேய்த்துவிட்டு, திரும்ப ஊற்றலாம். தண்ணீர் விடும் நாளுக்கு முந்தின நாள், டிரம் காலியாக இருக்கும்போது இதை வைத்துக்கொண்டால் சுலபம். தெருவாரியாகத் தண்ணீர் முறையும் தேய்க்கும் நாளும் ஒரே அட்டவணையில் இருக்கட்டும்.

தேய்க்க முடியாத பெரிய சிமெண்ட் தொட்டிக்கு அபேட் என்னும் புழுக்கொல்லி மருந்து. 50 சதவீத மருந்து என்றால் 1000 லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. வாரம் தவறாமல் வேண்டும். தண்ணீர் மாறிய பிறகு பழைய மருந்து இருக்கும் என்று நம்பக் கூடாது. தட்டு மாதிரி மூடி பயன்படாது, இடுக்கு வழியே கொசு போகும். துணி போட்டு ரப்பர் வளையமோ கயிறோ இறுகக் கட்ட வேண்டும். ஃப்ரிட்ஜ் பின்னாலுள்ள தட்டு, ஆட்டுக்கல், டயர், மொட்டை மாடியில் கிடக்கும் பெயிண்ட் டப்பா இவற்றை ஆய்வாளர்கள் பார்த்தாலும் வீட்டுக்காரர் பார்ப்பதில்லை.

பணியாளர்கள் வந்தார்களா என்பதைவிட, எத்தனை வீட்டில் புழு இருந்தது என்று கேளுங்கள். பார்த்த 100 வீட்டில் புழு இருந்த வீடு எத்தனை, அதுதான் வீட்டுக் குறியீடு. தெருவாரியாக, வாரம் ஒருமுறை, ஊராட்சிப் பலகையில் எழுதினால் எந்தத் தெரு ஏறுகிறது என்று மழைக்கு முன்பே தெரியும்.

காய்ச்சலுக்கு: டெங்குவா என்று பார்க்க முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற ரத்தச் சோதனை, இரண்டும் எலைசா என்னும் ஆய்வக முறையில். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், புரூஃபென், டைக்லோஃபெனாக் கூடாது. காய்ச்சல் விட்ட நாளில்தான் ஆபத்து தொடங்கும் என்பதைச் சபையில் உரக்கச் சொல்லுங்கள். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக் கசிவு, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை.

---

மாத்திரைப்பெட்டி (மக்கள் நல்வாழ்வுப் பணி):

தண்ணீர் சரி. ஆனால் உயிரிழப்புக் கணக்கில் பார்த்தால் முன்னுரிமை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியாவில் 1990இல் மொத்த இறப்பில் 37.9 சதவீதமாக இருந்த தொற்றா நோய்கள், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வெளியிட்ட மாநில வாரிக் கணக்கின்படி 2016இல் 61.8 சதவீதம் ஆகிவிட்டன. இன்று ஓர் ஊரில் திடீரென்று விழுகிற 50 வயதுக்காரருக்குப் பின்னால் பெரும்பாலும் மருந்து எடுக்காத ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கும்.

தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த ஸ்டெப்ஸ் என்னும் தொற்றா நோய் ஆய்வில் 18 முதல் 69 வயதுக்காரர்களில் ரத்த அழுத்தம் 33.9 சதவீதம், சர்க்கரை 17.6 சதவீதம். அதைவிடக் கவலை தருவது, ரத்த அழுத்தம் உள்ள 100 பேரில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7 பேர்தான். உங்கள் ஊரில் அந்த வயதில் 1,700 பேர் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 575 பேருக்கு அழுத்தமும் 300 பேருக்குச் சர்க்கரையும் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியது இந்த இடைவெளியை அடைக்கத்தான். உங்கள் ஊர்ப் பதிவேட்டில் 200 பேர்தான் என்றால் மிச்சம் பேர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தீர்கள்" அல்ல. "கடைசி முறை பார்த்தபோது எத்தனை பேருக்கு 140/90க்குக் கீழே இருந்தது? மூன்று மாதமாக மாத்திரை வாங்காதவர் எத்தனை பேர்?" இந்த இரண்டும்தான். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். நோயாளி பெயரைச் சபையில் வாசிப்பது பெரும் தவறு.

விட்டுப்போகிறவர்கள் ஏன் விடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். தன்னார்வலர் பகலில் வரும்போது ஆண்கள் வயலிலும் வேலையிலும் இருப்பார்கள். திருப்பூர், சென்னை போனவர்கள் பொங்கலுக்குத்தான் வருவார்கள். அதனால் மாதம் இரண்டு நாள் காலை 6 முதல் 8 வரை பால் சொசைட்டி முன்னால் பார்க்க ஏற்பாடு கேளுங்கள். இன்னொரு காரணம் பக்கவிளைவு. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும், எனலாப்ரில் வறட்டு இருமல் தரும், மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டும். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மாத்திரை உண்டு என்ற ஒரு வரி போதும், பலர் திரும்பி வருவார்கள். "தலைசுத்தல் இல்ல, எதுக்கு மாத்திரை" என்பவர்களுக்கு, அழுத்தம் வலிக்காது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அளக்கும் முறையைக் கொஞ்சம் கண்காணியுங்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்த பிறகு, பேசாமல், கை நெஞ்சு உயரத்தில். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, பீடி, வெற்றிலைப் புகையிலை கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடிக் காட்டும். ஒருமுறை கூடுதலாக இருந்தால் சில நிமிடம் விட்டு மறுபடி. சர்க்கரைக்கு விரலைக் கழுவித் துடைத்த பிறகு குத்த வேண்டும், மாம்பழம் தின்ற கையோடு பார்த்தால் எண் பொய் சொல்லும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தாலும் ஈரத்தில் கெட்டுப்போகும்.

நெஞ்சுவலிக்கு இதயம் காப்போம் திட்டத்தில் அருகிலுள்ள நிலையத்திலேயே முதல் தவணை 14 மாத்திரை உண்டு: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாடின் 8. கொடுக்க வேண்டியது மருத்துவப் பணியாளர்தான், வீட்டில் நாமாகப் போட்டுக்கொள்வது அல்ல. உங்கள் துணை சுகாதார நிலையத்தில் இருப்பு இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று கேட்டு வையுங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டவரை நேரே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பிடித்து ஓட்டுவதைவிட, 108ஐ அழைத்துவிட்டு இந்தத் தவணையை வாங்குவது நல்லது.

---

சளிமாதிரி:

காசநோய் பற்றி யாரும் எழுதவில்லை, நான் சொல்கிறேன்.

காசநோய் இல்லா ஊராட்சி என்பது 2023 மார்ச் 24இல் அறிவித்த திட்டம். விருது எடுக்க விதி இருக்கிறது: 1000 பேருக்குக் குறைந்தது 30 பேருக்குச் சோதனை, 1000 பேருக்கு நோயாளி ஒருவருக்கு மேல் போகக் கூடாது, சிகிச்சை வெற்றி 85 சதவீதம். உங்களுக்கு 72 சோதனை, 2 நோயாளி. முதல் ஆண்டு வெண்கல நிறக் காந்தி சிலை, தொடர்ந்தால் வெள்ளி, மூன்றாம் ஆண்டு தங்கம்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. எண்ணிக்கை கூடினால் விருது போகும் என்ற பயத்தில் சோதனையை அது தேவைப்படாதவர்களிடம் நடத்திவிடுவார்கள். இருமலே இல்லாத பிள்ளைகளிடம் எச்சில் வாங்கி 72ஐ நிரப்பினால் நோய் ஊருக்குள்ளேயே இருக்கும். தேட வேண்டியது இவர்களிடம்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சர்க்கரை நோயாளிகள், குடி அல்லது பீடிப் பழக்கம் உள்ளவர்கள், ஏற்கெனவே நோய் வந்தவர் வீட்டார். தீர்மானத்தில் "விருது" என்ற சொல்லே வேண்டாம். நோயாளி கூடுதலாகக் கிடைத்தால் தேடல் நன்றாக நடக்கிறது என்று பொருள்.

மாதிரி கொடுப்பது: காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து வரும் கெட்டிச் சளி. நுரைத்த எச்சில் பயனில்லை. திறந்த வெளியில் நின்று எடுக்க வேண்டும், கழிவறைக்குள் வேண்டாம். டப்பாவின் மூடியில் பெயர் எழுதாதீர்கள், மூடி மாறினால் ஆள் மாறும். பக்கவாட்டில் எழுதுங்கள். அன்றைக்கே ட்ரூநாட் (காசநோய்க் கிருமியைக் கண்டறியும் கருவி) இருக்கும் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை வாங்கித் திங்கட்கிழமை அனுப்பும் மாதிரி வெயிலில் கெட்டுவிடும்.

சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம், தினமும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, எடைக்குத் தக்கபடி: 25 முதல் 34 கிலோவுக்கு 2, 35 முதல் 49க்கு 3, 50 முதல் 64க்கு 4. சிகிச்சையில் எடை ஏறினால் அளவை மாற்ற வேண்டும், இதைப் பலர் மறக்கிறார்கள். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது அதிலுள்ள ரிஃபாம்பிசின் மருந்தால், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ உடனே போக வேண்டும். இரண்டாம் மாதம் இருமல் நின்று உடம்பு தேறும்போதுதான் நிறுத்திவிடுகிறார்கள், மருந்துக்கு அடங்காத வகை உருவாவது அங்கேதான்.

இறப்பைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் வழிமுறை எளிமையானது, ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ளலாம். நோய் கண்டறிந்த அன்றே மூன்று விஷயம் பார்க்கிறார்கள். உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 14 அல்லது கீழே (கால் வீக்கம் இருந்தால் 16 வரை), மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் அல்லது ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாதது. ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். மதுரைக்காரர்களுக்குத் தோப்பூரில் நெஞ்சக நோய் அரசு மருத்துவமனையே இருக்கிறது.

உணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பரிலிருந்து 500 என்பது 1000 ஆனது. வராமல் போக வழக்கமான காரணம் கணக்கு செயலிழந்திருப்பது, ஆதார் இணைக்காதது. இதை ஊராட்சி செயலர் ஒரு நாளில் சரிசெய்யலாம். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் உணவு முக்கியம். ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளி வீட்டாருக்குக் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்ததில் அவர்களிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஊரில் இரண்டு நோயாளி என்றால் ஆறு மாதத்துக்குப் பருப்பு, முட்டை, எண்ணெய் தர நன்கொடையாளரைப் பிடிப்பது முடியாத காரியமில்லை.

---

முருங்கைக்கீரை:

ரத்தசோகைக்கு ஒரே ஒரு விஷயம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம், ரத்தசோகை என்று ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கிடைக்கிறது, ஆனால் இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கிவிடுகிறார்கள். கால்சியம் இரும்பைத் தடுக்கும். இடையில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். டீயோடும் போடக் கூடாது. இரும்பு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சை அல்லது நெல்லிக்காயோடு. கால்சியம் காலையில். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் நன்றி. தீர்மானத்தை இப்படி எழுதியிருக்கிறேன், சரிபாருங்கள்:

"1. மூன்று தொட்டியிலும் நிரப்புக்கு 240, 120, 40 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைசலாகச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட வேண்டும். கடைசிக் குழாயின் எச்சக் குளோரின் அளவு தினமும் பலகையில் எழுத வேண்டும். 2. தெருவாரி வீட்டுக் குறியீடு வாரந்தோறும் பலகையில் எழுத வேண்டும். 3. ரத்த அழுத்தம், சர்க்கரை கட்டுக்குள் உள்ளவர் எண்ணிக்கையும் மருந்து விட்டவர் எண்ணிக்கையும் அடுத்த சபையில் வைக்க வேண்டும். மாதம் இரு காலை பால் சொசைட்டியில் பரிசோதனை. 4. சளிப் பரிசோதனை இருமல், எடை குறைவு உள்ளவர்களுக்கு நடக்க வேண்டும்."

டேங்க் ஆபரேட்டரிடம் தராசு இல்லை. 120 கிராம் எப்படி அளப்பது?

---

குளோரின்மஞ்சள்:

தீர்மானம் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பானவர் பதவியைச் சேர்த்துவிடுங்கள்: 1க்கு டேங்க் ஆபரேட்டரும் ஊராட்சி செயலரும், 2க்குச் சுகாதார ஆய்வாளர், 3க்கும் 4க்கும் கிராம சுகாதார செவிலியர். அடுத்த சபை நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தில் வருகிறது, அதற்குள் நான்கு வாரக் கணக்கு கையில் இருக்கும்.

தராசு வேண்டாம். மளிகைக் கடையில் 120 கிராம் பவுடரை ஒருமுறை நிறுத்து, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தட்டாமல் கொட்டி, அந்த மட்டத்தில் ஆணியால் கீறிவிடுங்கள். அதே டம்ளரில் 40 கிராமுக்கும் ஒரு கோடு. 60,000 தொட்டிக்கு இரண்டு டம்ளர். மூட்டையைத் திறந்ததும் இறுகும் டப்பாக்களில் பிரித்து வையுங்கள். மோட்டார் அறையில் திறந்து கிடந்தால் வீரியம் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும், அப்போது 1000 லிட்டருக்கு 4 கிராம் பத்தாது, 6.6 கிராம் தேவைப்படும். கடைசிக் குழாயில் மஞ்சள் வெளிறினால் முதலில் டப்பாவைத்தான் சந்தேகப்பட வேண்டும், பிறகு குழாயை. ஆசிட் பாட்டிலை அந்த அறைப் பக்கமே வைக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் விஷவாயு.